வறடிக்கல்லுக்கு ஆண்பால் இல்லை

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலில் திருச்செங்கோட்டு மலைமேல் ஒரு கல் வருகிறது. வறடிக்கல். பிள்ளையில்லாத பொன்னா உயிரைப் பணயம் வைத்து அதைச் சுற்றி வருகிறாள். வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “காளி ஏன் மேடம் சுத்தல?”

அந்தக் கேள்விக்கு நாவல் நேரான பதில் சொல்வதில்லை. கசப்பு மருந்து குடிப்பவள் பொன்னா. இரண்டாம் கல்யாணப் பேச்சோ காளிக்கு. குறை யாரிடம் என்பதை ஊர் கேட்காமலே முடிவுசெய்துவிட்டது. ஆனாலும் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவை நினைத்துப் பாருங்கள். வேறொரு ஆணிடம் பெண்ணை அனுப்பும் வழக்கம், குறை ஆணிடமும் இருக்கலாம் என்று தெரிந்த சமூகத்தில்தான் தோன்ற முடியும். தெரியும், சொல்லாது. சொல்லாமல் இருப்பதற்காகவே சாமியைத் துணைக்கு அழைக்கிறது. நாவலின் கூர்மை எனக்கு இங்கேதான் தெரிகிறது.

காளிக்கும் பொன்னாவுக்கும் காமத்தில் குறைவில்லை. பிள்ளைதான் இல்லை. இதற்கு எதிர்முனையில் ஆர்.எஸ். பிரசன்னா இயக்கிய ‘கல்யாண சமையல் சாதம்’ (2013) நிற்கிறது. திருமணம் நிச்சயமான ஓர் இளைஞனுக்கு விறைப்பு வருவதில்லை. தமிழ் சினிமா வழக்கமாகக் கேலிசெய்யும் இந்த விஷயத்தை அந்தப் படம் பரிவோடு கையாண்டது. மன அழுத்தம் உடலைத் தடுக்கும் என்பதையும் சொன்னது. ஆனால் அதன் கவலை கல்யாணத் தேதியை ஒட்டியது. பிள்ளை என்னும் கெடு அதில் இல்லை.

இவை இரண்டுக்கும் நடுவே எழுதப்படாத ஓர் அறை இருக்கிறது. நான் அதில் இரண்டு வருடம் இருந்தேன்.

கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கருத்தரிக்க ஏற்றவை. ஸ்கேன் பார்த்துவிட்டு, “இன்னைக்கும் நாளன்னைக்கும்” என்பார் மருத்துவர். மற்ற நாட்களில் இயல்பாக இருந்த என் கணவரின் உடல் சரியாக அந்த நாட்களில் மறுத்தது. நாள் குறித்துக்கொண்டு கூடும் தம்பதியரிடம் இது அரிதல்ல என்று பின்னால்தான் தெரிந்தது. “ரெகுலரா சேர்றீங்களா?” என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் வந்தது. “ஆமா டாக்டர்” என்றேன். அவர் தரையைப் பார்த்தார். எனக்குக் கருக்குழாய்ப் பரிசோதனை செய்தார்கள். வலித்தது. வீட்டில் மாமியாரிடம், “எனக்குத்தான் முட்டை சரியா வளரலையாம் அத்தை” என்றேன்.

அந்தப் பொய்யை யாரும் என்மேல் திணிக்கவில்லை. நானே சொன்னேன். அன்பினால்தான் சொன்னேன் என்று பல நாள் நம்பினேன். உண்மையில் ஒரு சொல்லுக்குப் பயந்துதான் சொன்னேன். ஆண்மை. வள்ளுவரிடம் அது பிறர் மனைவியை நாடாத மனத்திண்மையின் பெயர். பேருந்து நிலையச் சுவரில் லாட்ஜ் வைத்தியர் ஒட்டும் நோட்டீஸில் அதே சொல் ஒரு உறுப்பின் அசைவாகச் சுருங்கிவிட்டது. காய்ச்சல் ஒருவனுக்கு வரும், போகும். ‘ஆண்மைக்குறைவு’ வந்தால் அவனே குறைந்துபோகிறான். அப்படி ஒரு பெயரைத் தாங்க எந்த ஆணும் முன்வரமாட்டான். அதை அவன் சார்பில் பெண் தன் கருப்பையில் வாங்கிக்கொள்கிறாள்.

இந்த மௌனம் ஆணையும் காப்பாற்றுவதில்லை. விறைப்பின்மை சிலருக்குச் சர்க்கரை நோயின், இரத்தக்குழாய் நோயின் முதல் அறிகுறி. மறைத்தால் அதுவும் மறைந்தே வளரும்.

கடைசியில் ஒருநாள் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னவர் அவர்தான். ஐந்து நிமிடப் பேச்சு. “கொஞ்ச நாள் தேதியை மறந்துடுங்க, தேவைப்பட்டா விந்தை முன்கூட்டியே எடுத்து உறையவெச்சு உள்ள செலுத்தலாம்” என்றார் மருத்துவர். இரண்டு வருட மௌனத்துக்கு இவ்வளவுதான் விடை.

தாய்மை பற்றி நிறைய எழுதிவிட்டோம். மலடி என்ற வசையைக் கவிதையில் திருப்பி எறிந்தோம். அந்தப் படுக்கையில் முகம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தவனை நாம் எழுதவில்லை, அவனும் எழுதவில்லை. அவன் பேசத் தொடங்காதவரை நம் உடல்மேல் நடக்கும் சோதனைகள் நிற்காது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. “அம்மாகிட்ட நானே சொல்றேன்” என்றார்.