மூட்டை யார் தலையில்?

எம்.ஏ. தமிழில் எங்களுக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' பாடமாக இருந்தது. கம்பன் சாயல் எங்கெங்கே தெரிகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) 'கிறித்தவக் கம்பர்', அவ்வளவுதான். யாத்திரிகன் முதுகில் இருக்கிற மூட்டையைப் பற்றி வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. பாவச்சுமையில் முதுகு வளைந்த ஒருவன் சிலுவையடியில் இரக்கத்தைக் கண்டடைகிற கதை அது. பிரசங்கங்களில் இன்றைக்கும் அந்த மூட்டை உருண்டுகொண்டேயிருக்கிறது. அதை அவிழ்த்துப் பார்க்கிற வேலை தலித் வாசிப்புக்கு மிச்சமிருக்கிறது.

மூலக்கதையை ஜான் பனியன் 1678ல் வெளியிட்டார். ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழில் அவருக்கு. அரசாங்கத் திருச்சபைக்கு அடங்காமல் பிரசங்கம் பண்ணினதற்காக 1660லிருந்து பன்னிரண்டு வருஷம் பெட்போர்டு சிறையில் கிடந்தவர். அவர் எழுதியது தெருவில் பேசுகிற பேச்சு. ஓட்ட ஒடசல் அடைக்கிறவனின் பேச்சு தமிழுக்கு வரும்போது பருவம், படலம் என்று வகுத்து, விருத்தம் விருத்தமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுளாக 1894ல் நூலாகிறது. எழுதியவர் வைணவ வெள்ளாளக் குடும்பத்தில் பிறந்து 1858ல் ஞானஸ்நானம் பெற்றவர். பாத்திரக்காரனின் பேச்சு ஏறிய இந்தப் படிக்கட்டு சாதியின் படிக்கட்டும்தான். நூலில் இடையிடையே வருகிற தேவாரங்களின் உருக்கம் பொய்யில்லை. அதை நான் மறுக்கவும் இல்லை. அழுதவர் நிஜமாகத்தான் அழுதிருக்கிறார்.

எனக்குள்ள கேள்வி வேறு. பனியனின் கதையில் ஒரு தனிமனிதன் காதைப் பொத்திக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஊரைவிட்டு ஓடுகிறான். சிலுவையைக் கண்டதும் மூட்டை கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுந்து காணாமல் போகிறது. அவன் யாருக்கு என்ன தீங்கு செய்தான்? தீங்கு பட்டவன் எங்கே? அவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டானா? பாவி இருக்கிறான், கடவுள் இருக்கிறார், நடுவில் ஆள் யாருமில்லை. பனியனுக்குச் சாதி தெரியாது. திருநெல்வேலிக்காரரான கிருஷ்ணபிள்ளைக்குத் தெரியாதா?

கிறிஸ்தவத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. எங்க ஊர் திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றினால் பாவம் தொலையும் என்று லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள். வாழ்வு வெறுத்துக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பதும் இதே ஊர்க் கதைதான். இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித்துகள் எண்பது வருஷமாக நுழைய முடியாத முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023 ஜனவரி 30ல் போலீஸ் காவலோடு போனார்கள். எண்பது வருஷம் தடுத்துவைத்த கூட்டத்தில் எத்தனை பேர் கிரிவலம் வந்திருப்பார்கள்! அந்தப் பாவத்தை எந்த லிங்கத்துக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள்?

சபைக்குள்ளும் இதே கதைதான். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். ஒரே சிலுவை, ஒரே பாவசங்கீர்த்தனம், ஒரே நற்கருணை. முழந்தாள்படியிட்டு எத்தனையோ பாவங்களைச் சொன்ன வாய்க்குள் இந்த ஒன்று மட்டும் பாவமாக ஏறவேயில்லை. சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒத்துக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட 2016 டிசம்பர் ஆனது.

இந்த இடத்தில்தான் பாமாவின் 'கருக்கு' (1992) முக்கியமான நூலாகிறது. அதைத் தன்வரலாறு என்று மட்டும் படித்துத் தள்ளிவிடுகிறோம். குற்ற உணர்வு யாருக்கு, எப்படி ஊட்டப்படுகிறது என்பதற்கான சாட்சியமும் அது. அடக்கம், பொறுமை, கீழ்ப்படிதல் என்று சேரிப் பிள்ளைக்கு ஓதப்பட்டது. அநியாயத்தைக் கண்டு கோபப்பட்ட ஏசுவை மறைத்துவிட்டார்கள். தப்பு செய்தவன் தலையில் இருக்க வேண்டிய மூட்டை, தப்புக்கு ஆளானவள் தலையில் ஏறியது இப்படித்தான். நாம சுமக்காத மூட்டையா, இதுவும் ஒண்ணு! மடத்தைவிட்டு வெளியேறிய பாமா கடவுளை விட்டு வெளியேறவில்லை. கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகன் பாவத்திலிருந்து விடுதலை தேடினான். பாமாவுக்கோ, பாவி என்று தன்மேல் சுமத்தப்பட்டதிலிருந்து விடுதலை வேண்டியிருந்தது. இரக்கம் என்ற சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருள் இல்லை.

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் (2002) சிலுவை வேலைக்காக இந்துவாக மாறுகிறான். 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவனைப் பட்டியல் சாதியில் சேர்க்காததால் வந்த வினை அது. மறுதலித்த குற்றம் அவன் கணக்கிலா, ஆணை போட்டவர்கள் கணக்கிலா?

கணக்கு என்றதும் ஒரு சொல் ஞாபகம் வருகிறது. மத்தேயுவில் ஏசு கற்பித்த ஜெபத்தில் பழைய தமிழ் பைபிள் 'கடன்' என்றே சொல்கிறது. மூலக் கிரேக்கமும் அதுதான். 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது 'குற்றம்' ஆகிவிட்டது. பண்டிதர்களுக்குக் காரணம் இருக்கும். எங்க ஆயா படியாள் வூட்டுப் பொம்பள. கடன்னா அதுக்கு ஆண்டை வூட்டுக் கடன்தான். கேவுரு வாங்கினது, கல்யாணத்துக்கு வாங்கினது, தாத்தா செத்தும் தீராதது. 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த மாதிரிக் கடன்களை ரத்து பண்ணியது. ஆயாவுக்கு அந்த ஜெபம் புரிந்த மாதிரி எங்க பேராசிரியருக்குப் புரிந்திருக்காது.

குற்றம் செய்தவனுக்கும் பைபிளில் இரக்கம் உண்டு, மறுக்கவில்லை. லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தில் வரிவசூல்காரன் சகேயுவின் வீட்டுக்கு ஏசு தானாகவே போகிறார். திட்டவில்லை, நிபந்தனை போடவில்லை. அந்த இரக்கம் பட்டதும் சகேயு எழுந்து நின்று சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்கிறான், அநியாயமாகப் பிடுங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். இங்கே மூட்டை கல்லறைக்குள் உருளவில்லை, உரியவன் வீட்டு வாசலுக்குத் திரும்பிப் போகிறது. நம் பிரசங்கிகள் சகேயு குள்ளமாக இருந்ததைச் சொல்வார்கள், காட்டத்தி மரத்தில் ஏறியதை நடித்தே காட்டுவார்கள். நாலு மடங்கு வருகிற நேரத்துக்குக் காணிக்கைப் பை வந்துவிடும்.