பரவை பரந்தது

நம்மூர் நூல் அறிமுகங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘எழுத்துப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்.’ எந்தப் பிழை, அது கதையை என்ன செய்தது என்று யாரும் சொல்வதில்லை. எல்லாப் பிழைக்கும் ஒரே எடை போடுவதுதான் என் பிரச்சினை.

‘முயற்ச்சி’ என்று எழுதுவது சின்னப் பிழை. ‘ற்’ வந்தால் அடுத்து இன்னொரு புள்ளி வைத்த எழுத்து வராது. மகிழ்ச்சியில் ‘ச்’ உண்டு, முயற்சியில் கிடையாது. டகரத்துக்கு முன்னால் ‘ண்’, றகரத்துக்கு முன்னால் ‘ன்’: கண்டு, கன்று. இந்த மாதிரி விஷயங்களைத் திருத்தும் மென்பொருளே பிடித்துவிடும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி இணையத்தில் இருக்கிறது. அதைக்கூடப் பயன்படுத்தாமல் அச்சுக்கு அனுப்புவது சோம்பேறித்தனம்தான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ‘பறவை பறந்தது’ என்பதை ஒருவர் ‘பரவை பரந்தது’ என்று எழுதுகிறார். பரவை என்றால் கடல். கடல் பரந்தது! எல்லாமே சரியான சொற்கள். சொல் சொல்லாகப் பார்க்கும் கருவிக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. பணி பனியாவதும், ‘நினைவுகூர்ந்தார்’ என்பது ‘நினைவு கூறினார்’ ஆவதும் இப்படித்தான். ஒற்றும் லேசுப்பட்டதல்ல: ‘கீரைக்கடை’ விற்கிற இடம், ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுக்க வேண்டியதுதான்.

வாய்விட்டு வாசித்தால் பிழை தெரியும் என்பார்கள். நம் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்ட பிறகு காது எப்படி உதவும்? எனக்குப் பயன்படுவது ஒரு சின்னப் பட்டியல். குழப்பும் சோடிகளை எழுதி வைத்துக்கொண்டு, கதை முடிந்ததும் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. அது இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொரு பக்கம், பிழையே இல்லாததைப் பிழை என்கிறோம். ‘பசியாறிட்டியா?’, ‘தப்பாவ் பண்ணிக்கிட்டு வா’ என்று ஒரு பாத்திரம் பேசினால் திருத்தி சிவப்புக் கோடு போடுகிறது. அதற்குப் பயந்து மாற்றினால் தோட்டத்துப் பாட்டி வானொலிச் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார். இங்கே எழுத்தாளர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே ஆள் வாயில் முதல் பக்கத்தில் ‘போய்ட்டான்’, பத்தாம் பக்கத்தில் ‘போயிட்டான்’ என்று வரக்கூடாது.

இந்த மூன்றையும் பிரிக்காமல் பொத்தாம் பொதுவாகக் குட்டினால், புதிதாக எழுத வருபவர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார்: தன் வட்டார மொழியைச் சலவை செய்துவிடுவார், இல்லையென்றால் எழுத்தையே விட்டுவிடுவார். ஆகவே விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிழை என்றால் பக்கத்தைச் சொல்லுங்கள், சொல்லைச் சொல்லுங்கள், அதனால் அந்த வரி எதை இழந்தது என்றும் சொல்லுங்கள். அதுதான் விமர்சனம்.