ராட்டினம் கட்டப் படிக்கலாமா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை "தீம் பார்க் டிசைன் பண்ணப் போறேன்" என்று சொன்னால், வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். அதெல்லாம் ஒரு வேலையா என்பது ஒன்று. ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே அந்த வேலை என்னவென்று பார்க்காமல் சொல்லப்படுபவை. புதுச்சேரியின் மாணவர் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடும் முன், இந்த வேலையில் உண்மையில் என்ன இருக்கிறது, இந்தியாவில் யார் அதைச் செய்கிறார்கள், அரியாங்குப்பத்திலிருந்து கிளம்பும் ஒருவருக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று எடைபோட்டுப் பார்ப்பதே நியாயம்.

வேலையிலிருந்து தொடங்குகிறேன். 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 'ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே' என்ற ரோலர் கோஸ்டர் ஓடியது. வண்டி தலைகீழாகச் சுற்றிவரும் அதன் வளையம் முழு வட்டம். ஏறி இறங்கியவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. காரணம் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. வட்டத்தின் உச்சியில் வண்டி விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தை மட்டும் கொடுத்தாலும், வளையத்தின் அடியில் பயணியின் உடல் தன் எடையைப் போல 6 மடங்கைத் தாங்கியாக வேண்டும். வட்டத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் உடலுக்கு ஏற்ற வளையம் ரோலர் கோஸ்டரில் வேரூன்ற ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின. 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவுக்கு ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் நிறுவனம் 'ரெவல்யூஷன்' என்ற கோஸ்டரைக் கட்டியது. அதற்குக் கணக்குப் போட்டவர் மியூனிக் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல். அவர் வட்டத்தைக் கைவிட்டார். அடியில் அகன்று உச்சியில் குறுகும் க்ளோதாய்டு வளைவை எடுத்துக்கொண்டார். வேகம் அதிகமுள்ள இடத்தில் ஆரம் பெரிது, வேகம் குறையும் இடத்தில் ஆரம் சிறிது. நேர்ப்பாதையிலிருந்து திருப்பத்துக்குள் நுழையும் ரயில் தண்டவாளத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் சிவில் பொறியாளர்கள் பயன்படுத்திவந்த வளைவுதான் அது.

இந்தத் துறையின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது. புதுமை வந்தது ரயில் பாதைக் கணக்கிலிருந்து. மற்றவையும் அப்படித்தான். ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் மோதாமலிருக்க, பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, முன்வண்டி ஒரு பகுதியை விட்டு வெளியேறும்வரை பின்வண்டியை நிறுத்திவைக்கும் ஏற்பாடு ரயில்வே சிக்னலில் பிறந்தது. அதை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவிதான் ஆலைகளின் உற்பத்தி வரிசையையும் இயக்குகிறது. மின்சாரம் போனாலும் வண்டியை நிறுத்தும் காந்த பிரேக், பின்னோக்கிச் சரியாமல் பற்களில் விழுந்து பிடிக்கும் கொக்கி, லட்சக்கணக்கான முறை அசைந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாமல் விழும் விரிசலைக் கண்டுபிடிக்கும் சோதனை, இவை எல்லாம் மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், சிவில் என்ற பழைய பெயர்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

அப்படியானால் இந்தியாவில் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் யார்? இங்கேதான் ஆசைக்கு முதல் அடி விழுகிறது. கோப்போலியில் 2013-இல் திறந்த இமேஜிகா பூங்காவின் பெரிய கோஸ்டரான 'நிட்ரோ', சுவிட்சர்லாந்தின் மோன்தே நகரிலுள்ள பொல்லிகர் மபியார் நிறுவனம் கட்டியது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 611 கோடி ரூபாய் முதலீட்டில் 2025 டிசம்பரில் திறந்த சென்னை வொண்டர்லா பூங்காவின் முதன்மைக் கோஸ்டரான 'தஞ்சோரா'வும் அதே நிறுவனத்துடையது. தமிழ்ப் பெயர் சூட்டியிருக்கிறோம். வளைவைக் கணக்கிட்டது மோன்தேயில். தண்டவாளம் எப்படி வளைய வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை உலகத்திலேயே சில டஜன் நிறுவனங்களிடம் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆட்களை அதிகம் வைத்துக்கொள்பவையும் அல்ல.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். 2000-இல் கொச்சிக்கு அருகே வீகாலேண்ட் என்று தொடங்கிய வொண்டர்லா, தன் ராட்டினங்கள் சிலவற்றைச் சொந்தப் பட்டறையிலேயே தயாரிக்கும் பழக்கத்தை வைத்திருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளர் அனுப்பும் கையேட்டை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கும், தானே வெட்டி, பற்றவைத்து, சோதித்துப் பார்த்து ஓட்டுவதற்கும் ஒரு பொறியாளரின் வளர்ச்சியில் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆனால் ஒரு பட்டறையை நம்பி ஒரு தலைமுறை படிக்க முடியாது. டெல்லி அப்பு கர் 1984-இல் தொடங்கி 2008-இல் மூடப்பட்டது. மும்பையின் எஸ்ஸெல்வேர்ல்ட் 1989-இல் தொடங்கி 2022-இல் நின்றது. பூங்கா மூடினாலும் கையிலுள்ள பட்டம் செல்ல வேண்டும். பட்டத்தின் பெயரே 'தீம் பார்க்' என்றிருந்தால் அது செல்லாது.

வடிவமைப்பு வேலை குறைவு என்றால் மிச்சமிருப்பது என்ன? ராட்டினங்களைப் பேணுவதும் சோதிப்பதும். இதைச் சொன்னால் இளைஞர்களின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் துறையில் நம் நாட்டுக்கு மிக அவசரமாகத் தேவைப்படுவது இதுதான். 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் புதிய ராட்டினத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். ராட்டினங்களுக்கான நடைமுறை விதிகளை ஐ.எஸ். 15475 என்ற தரத்தில் இந்தியத் தர அமைவனம் வகுத்துத் தந்திருக்கிறது. தரம் காகிதத்தில் இருக்க, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பற்றவைப்பையும் தடவிப் பார்க்கும் ஆட்கள் போதவில்லை.

பொறியியல் இல்லாத ஆர்வம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. கான்சஸ் சிட்டியில் 2014-இல் உலகிலேயே உயரமான நீர்ச்சறுக்கு என்ற விளம்பரத்தோடு 'ஃபெருக்ட்' திறக்கப்பட்டது. 2016 ஆகஸ்டில் அதில் சறுக்கி வந்த படகு நீரை விட்டு மேலெழுந்து, வலையைத் தாங்கிய இரும்பு வளையத்தில் மோதி 10 வயதுச் சிறுவன் இறந்தான். அதை வடிவமைத்தவர்களுக்கு உரிய பொறியியல் தகுதி இல்லை என்று குற்றப்பத்திரிகை சொன்னது. அரசுத் தரப்பின் நடைமுறைத் தவறுகளால் 2019-இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. வழக்கு போன விதம் எதுவானாலும், இந்தத் துறையில் கற்பனையைக் கணக்குக்கு மேலே உட்கார வைக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நம் ஊர்ப் பக்கத்தில் இன்னும் நேரான தேவை இருக்கிறது. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேர் பெரும் கூட்டத்தைக் கூட்டுவது. பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கத்தை இன்று துணைநிலை ஆளுநர் தொடர்கிறார். இப்படிப்பட்ட திருவிழாக்களுக்கு ராட்டினக்காரர்கள் லாரியில் இரும்பை ஏற்றிவந்து, கால்களுக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பிடித்து, சில நாளில் கழற்றிக்கொண்டு போகிறார்கள். ஊருக்கு ஊர் கழற்றி மாட்டும் ராட்டினத்தில் ஒவ்வொரு முறையும் பின்னும் போல்டும் புதிதாகச் சோதனைக்கு உரியவை. கடற்கரைக் காற்றின் உப்பு இரும்பை அரிக்கும் வேகம் இங்குள்ள மீனவருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் திடலில் அளவுகருவியோடு நிற்கும் ஒரு பரிசோதகர், மோன்தேயில் வரைபவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்லர்.

இதுவரை சொன்னது இரும்பின் பக்கம். கலையின் பக்கத்தில் அரியாங்குப்பத்தின் நிலை வேறு, அது யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பலம். பாரதியார் பல்கலைக்கூடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. நுண்கலையும் நிகழ்கலையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையம் அது. அடுத்துள்ள முருங்கப்பாக்கத்தில் கைவினைக் கிராமம். வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு பூங்காவில் குகை குகையாகவும் மரம் மரமாகவும் தெரிவதற்கு வேண்டிய கைத்திறன் இதுவே: இலேசான பொருளில் கனமான தோற்றத்தை உண்டாக்குவது.

கலையும் இயந்திரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை தென்னிந்தியா ஒருமுறை காட்டியிருக்கிறது. 1984-இல் வந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பார்கள். கலை இயக்குநர் கே.சேகர் முழு அறையையே சுழலும் செட்டாகக் கட்டவைத்தார். கேமராவும் அறையோடு சேர்ந்து சுழன்றது. அந்தப் படத்தை எடுத்த நவோதயாவின் அப்பச்சன்தான் 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர். வால்ட் டிஸ்னியும் 1952-இல் தன் வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியபோது ஆட்களைத் தன் படப்பிடிப்புக் கூடத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். செட் போடத் தெரிந்தவர்கள்தான் டிஸ்னிலேண்டைக் கட்டினார்கள். ஆக, பல்கலைக்கூடத்தில் சிற்பம் படிக்கும் மாணவிக்கு இந்தத் துறையில் இருக்கும் உரிமை, பொறியியல் மாணவருக்கு இருப்பதைவிடக் குறைந்ததல்ல. பூங்கா இல்லாத நாளிலும் அருங்காட்சியகம், கண்காட்சி, சினிமா, திருமண மேடை என்று அவருடைய கைக்கு வேலை இருக்கும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கண்காட்சி வடிவமைப்பு என்றே தனிப் படிப்பு நடந்துவருகிறது. இந்தத் துறையின் கலைப் பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

புதுச்சேரிக்கு மட்டும் உள்ள ஒரு வசதியையும் இங்கே சேர்க்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இந்தப் பகுதியில் கணிசம். அந்தப் பிள்ளைகளுக்கு 1992-இல் திறந்த பாரிஸ் டிஸ்னிலேண்டும், ஜெர்மனியின் மாக் ரைட்ஸும், நெதர்லாந்தின் வெகோமாவும் விசா கேட்காத வேலையிடங்கள். மோன்தே பிரெஞ்சு பேசும் ஊர். குடியுரிமை இல்லாதவர்களுக்கும், பொறியியலோடு பிரெஞ்சும் கைவசம் இருந்தால், சென்னையிலிருந்து விண்ணப்பிப்பவரைவிட ஒரு படி முன்னே நிற்க முடியும். அமெரிக்காவில் 'தீம்டு என்டர்டெயின்மென்ட்' என்ற பெயரில் முதுகலைப் படிப்புகள் உண்டு. கடன் வாங்கி அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் செலவை மீட்கும் அளவு வேலை இந்தியாவில் காத்திருக்கவில்லை, அங்கேயே தங்குவது விசாவின் கையில் இருக்கிறது.

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. தீம் பார்க் வடிவமைப்பை முதல் பட்டமாக எடுக்க வேண்டாம். அந்தப் பெயரில் பணம் கேட்கும் குறுகிய காலப் படிப்புகளிலும் சேர வேண்டாம். புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கலோ சிவிலோ, லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கில் டிப்ளமோவோ, பல்கலைக்கூடத்தில் சிற்பமோ படியுங்கள். முதல் வேலையைப் பூங்காவின் பராமரிப்புப் பிரிவில் தேடுங்கள். வரைபலகை பிறகு வரும். கைத்தொழில் ஒன்று உறுதியாக இருப்பவருக்கு இந்தத் துறை நல்ல துறை. அது இல்லாதவருக்கு ஆபத்தான துறை, அவருக்கும் அவர் கட்டியதில் ஏறுகிறவருக்கும்.

தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் பல்கலைக்கூடத்துக்கும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகம் இருக்கும் பிள்ளைச்சாவடியில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அரியாங்குப்பத்தில் உருவம் கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இறுதியாண்டு மாணவர்கள் இருதரப்பிலிருந்தும் சேர்ந்து, நோணாங்குப்பம் படகுத்துறைக்கு ஒரு சிறிய ராட்டினத்தை வரைந்து, கட்டி, சோதனை அறிக்கையோடு நிறுத்தட்டும். அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.