தன்னறிக்கையும் கட்டளையும்: 'மைனர் த்ரெட்' பாடல்களின் பொருள் பற்றி ஓர் ஆய்வு

இளைஞர் கேட்கும் பாடல்களைப் பற்றித் திருச்சபையில் பேச்செழும்போது இருவகைத் தீர்ப்புகளே பெரும்பாலும் நம் செவியில் விழுகின்றன. 'வெறுங் கூச்சல்' என்பது ஒன்று. 'பாடியவன் எண்ணியது எதுவோ அதுவே பொருள்' என்பது மற்றொன்று. முன்னது பாடலைக் கேளாமலே ஒதுக்குகிறது. பின்னது கேட்டபின் ஆராயாமலே ஏற்கிறது. இவ்விரண்டிற்கும் அப்பால் ஒரு பாடலின் பொருளைக் காணும் வழி யாது? கூச்சல் என்றே பெயர்பெற்ற பங்க் இசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேதாகமத்தைப் பிறருக்கு விளக்கும் பணியில் நிற்கும் நமக்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று.

பங்க் இசை 1970-களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் வடிவு பெற்றது. நீண்ட இசைப்பயிற்சி இல்லாத இளைஞரும் மேடையேறிப் பாடலாம் என்னும் துணிவே அதன் முதல். பெருநிறுவனங்களின் வாயிலில் காத்து நில்லாமல் தாமே இசைத்தட்டு வெளியிட்டோர் இவருள் பலர். அவ்வழக்கமே பின்னர் 'இண்டி' எனப்பட்ட தற்சார்பு இசைக்கும் உரமாயிற்று. அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் 1980-இல் தோன்றி 1983-இல் கலைந்த 'மைனர் த்ரெட்' இவ்வகைக் குழுக்களுள் ஒன்று. இதன் பாடகர் இயன் மக்கே 1962-இல் பிறந்தவர். அவரும் முரசு வாசித்த ஜெஃப் நெல்சனும் 1980-இல் தோற்றுவித்த 'டிஸ்கார்ட்' நிறுவனம் தம் நகரத்து இளைஞரின் பாடல்களைக் குறைந்த விலையில் வெளியிட்டது. மக்கேயின் தந்தையார் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் சமயச் செய்திகளை எழுதியவர். எப்பிஸ்கோப்பல் திருச்சபையோடு தொடர்புடையவர். ஆதலின் மக்கே திருச்சபையின் பேச்சை அறியாத வீட்டில் வளர்ந்தவர் அல்லர்.

இக்குழுவின் முதல் இசைத்தட்டு 1981-இல் வெளிவந்தது. அதில் உள்ள 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்னும் பாடல் 46 நொடிகளில் முடிந்துவிடுகிறது. தன் வயதினர் போதையில் அமிழ்ந்து கிடக்கத் தான் அவ்வழி செல்லப்போவதில்லை என்று ஓர் இளைஞன் உரக்க அறிவிப்பதே அதன் பொருள். அதே ஆண்டின் மற்றோர் இசைத்தட்டில் வந்த 'அவுட் ஆஃப் ஸ்டெப்' இக்கருத்தை மேலும் விரிக்கிறது. உலகத்தோடு அடியொத்து நடவாதவன் என்பது அத்தலைப்பின் கருத்து. இவ்விரு சிறு பாடல்களிலிருந்து, மதுவும் புகையும் போதையும் விலக்கிய இளைஞர் இயக்கமொன்று 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்னும் பெயராலேயே பல நாடுகளில் பரவிற்று. பாடியவரோ தாம் இயக்கம் எதையும் தொடங்க எண்ணியதில்லை என்று பலமுறை கூறிவந்துள்ளார். அங்ஙனமாயின் பாடலின் பொருள் யாரிடம் உள்ளது?

தமிழ்ச் செய்யுளை ஆராய்ந்த முன்னோர் இத்தகைய வினாக்களுக்குக் கருவிகள் செய்து வைத்துள்ளனர். தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், எச்சம் என்பன நான்கு. பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார், எவ்விடத்தில் பேசுகிறார், சொல்லாது விட்டுக் கேட்போரை நிரப்பிக்கொள்ளச் செய்தது யாது என்பனவே அவை எழுப்பும் வினாக்கள். அகப்பாடலில் 'யான்' என்பது புலவரைக் குறிக்காது தலைவியையோ தோழியையோ குறிக்கும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயினும் அயல்மொழிப் பாடல் ஒன்றைக் கேட்கப் புகும்போது இவ்வறிவை நாம் வாயிலிலேயே விட்டுவிடுகிறோம்.

முதலில் எச்சத்தை நோக்குவோம். 'அவுட் ஆஃப் ஸ்டெப்' பாடலில் புகைத்தல், குடித்தல், பாலுறவை விளையாட்டாய் நாடுதல் ஆகிய மூன்றும் விலக்கப்படுகின்றன. பாடியவர் தம் நிலையையே கூறுகிறார். ஆனால் 'நான்' என்னும் எழுவாய் தாளத்தில் நன்கு பொருந்தாமையால் பெரும்பாலும் ஒலிக்கப்படாமல் தொக்கு நிற்கிறது. ஆங்கிலத்தில் அவ்வெழுவாய் மறைந்தால் எதிர்மறைத் தன்மை வினையும் எதிர்மறை ஏவலும் ஒரே வடிவின ஆகிவிடும். 'யான் செல்லேன்' என்பதும் 'நீ செல்லாதே' என்பதும் செவிக்கு ஒன்றாகவே ஒலிக்கும். தமிழில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. வினைமுற்றின் ஈறே பேசுபவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இப்பாடலைத் தமிழாக்குவோர் தன்னறிக்கையா, கட்டளையா என்பதை முதல் வினையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

எம் விளக்கவியல் வகுப்பில் ஒருமுறை இப்பாடலைத் தந்து தமிழாக்கச் சொன்னோம். பெரும்பாலோர் ஏவலாகவே எழுதினர்; இருவர் மட்டுமே தன்மையில் எழுதினர். ஏவலில் எழுதிய ஒருவரிடம் காரணம் வினவியபோது, "ஐயா, விலக்கு என்றாலே கட்டளைதானே?" என்றார். அவர் மொழியறிவில் குறைந்தவர் அல்லர். விலக்குகளை எல்லாம் கட்டளைகளாகவே கேட்டு வளர்ந்தவர். அவரை அவ்வாறு வளர்த்தவர்களுள் யாமும் உளோம் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இம்மயக்கம் எம் மாணவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. குழுவிற்குள்ளேயே அது பூசலாய் எழுந்தது. மக்கே தம் சொந்த நோன்பைக் குழுவினர் அனைவர்மீதும் சுமத்துவதாக அப்பாடல் ஒலிக்கிறது என்று சிறப்பாக நெல்சன் மறுத்தார். 1983-இல் அதே பாடலை மீண்டும் பதிவு செய்தபோது, தாம் பிறருக்கு விதி வகுக்கவில்லை என்னும் விளக்கத்தை மக்கே பாடலின் நடுவே பேச்சாகவே சேர்த்தார். ஆசிரியரே தம் செய்யுளுக்கு உரை எழுதி, அவ்வுரையையும் மூலத்துள் புகுத்திய அரிய நிகழ்ச்சி இது. எனினும் உரை வந்தபின்னும் இயக்கம் பாடலைக் கட்டளையாகவே கொண்டது.

யோவான் நற்செய்தி 5:39-இல் இதையொத்த சிக்கலை நாம் சந்திக்கிறோம். வேதவாக்கியங்களை ஆராய்தல் பற்றிய அவ்விடத்தில் கிரேக்க வினைவடிவம் ஏவலாகவும் அமையலாம். நிகழ்வதைக் கூறும் வினையாகவும் அமையலாம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை ஏவலாகக் கொண்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் கூற்றாகக் கொண்டது. முன்னதன்படி அது படிக்கத் தூண்டும் அறிவுரை. பின்னதன்படி, படித்தும் காணாதவரைக் கடிந்துரைக்கும் சொல். வினைவடிவம் தனித்து நின்று இதனைத் தீர்த்துவைக்காது. பேசுபவரையும் கேட்பவரையும் சூழலையும் சேர்த்து நோக்கியே தெளிய வேண்டும்.

அடுத்துக் களன். மக்கே முன்னர் இருந்த 'டீன் ஐடில்ஸ்' குழு 1980-இல் சான் பிரான்சிஸ்கோவிற்குச் சென்றது. மது விற்கும் அரங்கில் வயது குறைந்தோர்க்கு மது வழங்கலாகாது என்பதற்காக அவர்கள் கைகளில் கறுப்பு மையால் பெருக்கற்குறி இடப்பட்டது. தகுதியின்மையைக் காட்டிய அக்குறியை வாஷிங்டன் இளைஞர் தம் ஊருக்குக் கொண்டுவந்தனர். மது தாராமல் உள்ளே மட்டும் விடுக என்று கேட்பதற்கு அது பயன்பட்டது. விரைவில் அதுவே குடியாமையைப் பறைசாற்றும் அடையாளமாயிற்று. குறி மாறவில்லை, களன் மாறிற்று, பொருளும் மாறிற்று. சிலுவையை அடையாளமாய்க் கொண்ட சபையார்க்கு, இழிவின் குறி பெருமையின் குறியாகும் இம்மாற்றத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

களன் மாறுவதால் நன்மையே விளையும் எனக் கொள்ளற்க. இக்குழுவின் 1981-ஆம் ஆண்டுப் பாடல்களுள் 'கில்டி ஆஃப் பீயிங் வைட்' என்பதும் ஒன்று. வெள்ளையனாய் இருப்பதே குற்றமோ என்று முறையிடுகிறது அது. 1970 குடிக்கணக்கின்படி வாஷிங்டன் மக்களுள் 71 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அவர்கள் மிகுதியாய்ப் பயின்ற பள்ளியில், முன்னோர் செய்த அடிமைக் கொடுமைக்காகத் தாம் தாக்கப்படுவதாய் உணர்ந்த சிறுவனின் முறையீடு அது. நிறத்தால் மனிதரை அளப்பதை எதிர்ப்பதே தம் கருத்து என மக்கே கூறினார். அக்கூற்றை நாம் நம்பலாம். ஆனால் அப்பள்ளியும் அந்நகரும் பாடலுக்குள் வரவில்லை. இசைத்தட்டில் ஏறித் தொலைவூர்களுக்குச் சென்றபோது, வெள்ளையரே ஆள்வோராயும் பெரும்பான்மையினராயும் இருந்த இடங்களில் அம்முறையீடு நிறவெறியர்க்கு வாய்த்த கருவியாயிற்று. 1996-இல் 'ஸ்லேயர்' குழு அதனைப் பாடியபோது இறுதியில் ஒரு சொல்லை மாற்றி, வெண்மையை நேர்மையாக்கிற்று. இதனை மக்கே வெறுத்தார். எனினும் களனைச் சொல்லாது விட்ட செய்யுள் எக்களத்திலும் புகுந்துவிடும் என்னும் குறை அப்பாடலிலேயே உண்டு என்பது எம் கருத்து. நன்னோக்கம் அக்குறையை நிரப்பாது.

இனிக் கேட்போர். 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' இயக்கத்தார் அனைவரையும் ஒரே கோலால் அளத்தல் முறையன்று. போதையால் சிதைந்த வீடுகளிலிருந்து வந்த இளைஞர் பலர்க்கு அது ஊன்றுகோலாயிற்று. நியூயார்க்கின் 'யூத் ஆஃப் டுடே' குழு இந்நோன்போடு புலால் மறுத்தலையும் சேர்த்தது. அதன் பாடகர் ரே காப்போ பின்னர்க் கிருஷ்ண பக்தியில் ஈடுபட்டு 'ஷெல்டர்' குழுவை அமைத்தார். 46 நொடிப் பாடலொன்று இவ்வளவு கிளைகளை விட்டது வியப்பே. மறுபுறம், 1990-களில் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில், இந்நோன்பின் பெயரால் இளைஞர் சிலர் குடிப்போரையும் புகைப்போரையும் அடிக்கத் தலைப்பட்டனர்; காவல்துறையினர் அவர்களை வன்முறைக் கும்பலாகக் கருதும் நிலை வந்தது. தன்னைக் காத்துக்கொள்ள ஒருவன் வரைந்த கோடு, பிறனை அடிக்கும் கோலாயிற்று.

இது முற்றிலும் கேட்போரின் பிழையா? அன்று. எச்சத்தை மீண்டும் நோக்குக. சொல்லெச்சமாக மறைந்து நின்றது 'நான்'. அதனினும் ஆழமாய்க் குறிப்பெச்சம் ஒன்றும் 'அவுட் ஆஃப் ஸ்டெப்' பாடலில் உண்டு. இவற்றை விலக்கியதால் தன்னால் சிந்திக்கவேனும் முடிகிறது என்னும் கருத்தைப் பாடகர் சேர்க்கிறார். அங்ஙனமாயின் விலக்காதவர் சிந்திக்க மாட்டாதவர் என்பது சொல்லாமலே பெறப்படும். லூக்கா 18-இல் ஆலயத்தில் நின்று செபித்த பரிசேயனும் தன்னறிக்கைதான் செய்தான். அவன் எவர்க்கும் கட்டளை இடவில்லை. ஆனால் அவன் 'நான்' என்றபோதெல்லாம் தூரத்தில் நின்ற ஆயக்காரன் அளக்கப்பட்டான். கட்டளையின் விதை அறிக்கைக்குள்ளேயே இருந்தது. கேட்போர் அதற்கு நீர் வார்த்தனர்.

மக்கே இதனை உணர்ந்தாரோ என எண்ணத் தோன்றும் பாடலொன்று பின்னாளில் வந்தது. அவர் இடம்பெற்ற 'ஃபுகாசி' குழு 1988-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் உள்ள 'சஜெஷன்' அது. தெருவில் ஆடவரின் பார்வைக்கும் தொடுதலுக்கும் ஆளாகும் பெண்ணின் கூற்றாக அது தொடங்குகிறது, பாடுபவரோ ஆடவர். இடையில் பேசுபவர் மாறி, அவள் படர்க்கையில் நிற்கிறாள். இறுதியில் பார்த்தும் வாளா இருந்த அனைவரும் குற்றவாளிகளே என்று 'நாம்' என்னும் உளப்பாட்டுத் தன்மையில் பாடல் முடிகிறது. தன்னைப் பிறரினின்று பிரித்துக் காட்டிய பழைய 'நான்' இங்கு இல்லை. கேட்பவன் பிறனைச் சுட்டுவதற்கு இப்பாடல் இடம் தரவில்லை. இதுவே முன்னவற்றினும் உயர்ந்த செய்யுள் என்பது எம் துணிபு.

ஆகவே, பாடலின் பொருளை ஆக்கியோன் நோக்கத்தில் மட்டும் தேடுவது போதாது. அந்நோக்கத்தைத் தள்ளிவிடுவதும் நேர்மையன்று. கூற்றும் கேட்போரும் களனும் எச்சமும் ஒருங்கே நோக்கப்பட வேண்டும். அதன்பின், கேட்டவரிடம் அப்பாடல் என்ன செய்தது என்பதும் வினவப்பட வேண்டும்.

எம்மைப் பற்றியும் ஒன்று கூறி முடிப்போம். யாம் மதுவைத் தொடாதவர். எம் தந்தையார் குடியினின்று மீண்டவர் என்பதே அதற்குக் காரணம். திடப்படுத்தல் வகுப்புகளில் அக்காரணத்தைச் சொல்லாமல், விலக்கை மட்டும் பல ஆண்டுகள் கற்பித்தோம். அவ்வகுப்பில் இருந்த இளைஞர் ஒருவர் பின்னர்க் குடிக்கு ஆளானார். ஆளானபின் ஆலயத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டிற்குச் சென்று பார்த்தபோது, "உங்கள் முன்னால் வந்து நிற்க முடியவில்லை, ஐயா" என்றார். எம் தந்தையாரின் கதையை அன்றே முதன்முறையாக அவரிடம் சொன்னோம். பவுல் அப்போஸ்தலர் 1 கொரிந்தியர் 7-இல் ஆண்டவரின் கட்டளை இது, தம் கருத்து இது என்று பிரித்துக் காட்டுகிறார். அப்பிரிவினையை யாம் முன்னரே கைக்கொண்டிருந்தால், அவர் அக்கதையைப் பத்தாண்டுகளுக்கு முன்பே கேட்டிருப்பார்.