லாட் வரைந்த கம்பமும் நாம் வரையாத தோட்டமும்

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாய் இருந்த காலத்தில், மூன்றாம் ஆண்டு மாணவரிடம் அவரவர் வீட்டை வரையுமாறு சொன்னேன். ஏறக்குறைய எல்லாரும் ஓட்டுக் கூரையும் புகைபோக்கியும் உடைய வீட்டையே வரைந்தனர். அவர்கள் வாழ்ந்த லயம் எந்தத் தாளிலும் இல்லை. படப் புத்தகத்தில் காணாததைக் குழந்தை எங்ஙனம் வரையும்?

இவ்விடத்தில்தான் லாட் எனக்கு நினைவுக்கு வருகிறார். 1951-இல் பேராக் மாநிலத்துக் கோப்பெங் அருகே பிறந்த முகமட் நோர் காலிட் என்பாரே நாடறிந்த அந்த ஓவியர். பதின்மூன்று வயதிலேயே தம் சித்திரக்கதையை அச்சிற் கண்டவர். பின்னர்ச் செய்தித்தாளொன்றில் குற்றச்செய்தி நிருபராய் அலைந்து, 1974-இல் கேலிச்சித்திரக்காரரானார். 1979-இல் வெளிவந்த 'தி கம்போங் பாய்' அவர்தம் தலையாய படைப்பு. அதனைச் சிறுவர் நூல் என்பதா என ஐயுறுவார் உளர். 2006-இல் அமெரிக்கப் பதிப்பு வந்தபோது இளையோர் நூலாகவும் அது போற்றப்பட்டது. வகை பிரிக்கும் வேலையைப் புலவரிடம் விட்டுவிடுவோம்.

பக்கத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். சில இடங்களில் இரு பக்கமும் விரியும் ஒரே படம். அருகே கையெழுத்தில் சில வரிகள். எழுத்து அடக்கமாய்ப் பேசும். படமோ குறும்பு செய்யும். சொல்லை எழுதியவரும் கோட்டை இழுத்தவரும் ஒருவரே ஆதலின் இது கைகூடியது. நம் சிறுவர் நூல்கள் பலவற்றில் படம், எழுதி முடித்த கதைக்குப் பின்னர் ஒட்டிய அலங்காரமே.

கதைத்தலைவன் மாட் நண்பர்களோடு ஈயச் சுரங்கத்தில் சேறு அரித்து, கிடைத்த ஈயமணலைத் தந்தையிடம் பெருமையோடு நீட்டுகிறான். பாராட்டுக்கு மாறாகத் தண்டனையே கிடைக்கிறது. பின்னர்த் தந்தை குடும்பத்தின் ரப்பர்த் தோட்டத்தைக் காட்ட, படிப்பில் அவன் மனம் ஊன்றுகிறது. ஈப்போ விடுதிப் பள்ளிக்குத் தேறிய செய்தியோடு அவன் ஓடிவரும்போது, வீட்டில் சுரங்க நிறுவனத்தாரோடு நிலப்பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அழப்போகும் கம்பத்தை ஆசிரியர் ஒப்பாரி வைத்துக் காட்டவில்லை, வரைந்துவிட்டார், அவ்வளவே. 1981-இல் வந்த 'டவுன் பாய்' சுவையானதாயினும் இந்த அமைதி அதில் இல்லை என்பது என் கருத்து.

அதே ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்தவர் நாம். கெடாவில் பால்மரம் பல இடங்களில் செம்பனைக்கு இடம் விட்டது. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புகள் எழுந்தன. விடியற்காலைப் பெரட்டும் பால் வாளியும் ஆயாக்கொட்டகையும் நம் கதைகளிலும் கவிதைகளிலும் உள. சிறுவன் புரட்டிப் பார்க்கும் படங்களாக அவற்றைக் காண்பது அரிது. லாட் தம் கம்பத்தை வரைந்தார். நம் தோட்டத்தையும் அவரே வரைந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று.

அடுத்த வாரம் அந்நூலை வகுப்பிற்கு எடுத்துச் சென்று பக்கம் பக்கமாய்க் காட்டினேன். பிறகு மீண்டும் வீட்டை வரையச் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, எங்கள் வீட்டை மட்டும் வரைவதா, லயம் முழுவதையும் வரைவதா?"