சூடு பெரிதா, நீர் பெரிதா?

அமெரிக்காவில் வீட்டுக் கார்பெட்டைச் சுத்தம் செய்ய வருபவர் பலர் இயந்திரத்தை உள்ளே தூக்கிவருவதில்லை. பெட்ரோல் இன்ஜின், நீர் பம்ப், வெப்பமாற்றி, காற்றை இழுக்கும் புளோவர், அழுக்கு நீர்த் தொட்டி எல்லாம் வாசலில் நிற்கும் வேனுக்குள் இருக்கின்றன. இரண்டு ஹோஸ்கள் மட்டும் வீட்டுக்குள் வரும். மெல்லியதில் சுடுநீர் போகும். தடித்ததில் அழுக்கு நீர் திரும்பும். இரண்டும் சேருமிடம், கையால் முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் வாண்ட் என்ற உலோகக் குழாய். இந்த ஏற்பாட்டைத் தொழிலில் ட்ரக்மவுன்ட் என்கிறார்கள். ப்ரோகெம், ஹைட்ராமாஸ்டர், பட்லர் ஆகியவை இந்தச் சந்தையில் பழகிய பெயர்கள். விற்பவர் பெருமையோடு சொல்வதும் வாங்குபவர் ஆவலோடு கேட்பதும் பெரும்பாலும் ஒரே எண்தான்: நீர் எத்தனை டிகிரி? 110, 115 டிகிரி செல்சியஸ் என்று பதில் வரும். இயந்திரத்தை எடைபோட அந்த எண் போதுமா?

சூட்டின் தரப்பு வலுவானதுதான். துப்புரவுத் துறையில் பரவலாகக் கற்பிக்கப்படும் சின்னர் வட்டத்தை, ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் வகுத்தார். ரசாயனம், வெப்பம், நேரம், உரசல் ஆகிய நான்கும் சேர்ந்தே அழுக்கை நீக்குகின்றன; ஒன்று குறைந்தால் மற்றவை அதை ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் சாரம். வாண்ட் ஓரிடத்தைக் கடக்க ஓரிரு விநாடிதான் ஆகும். நேரம் இவ்வளவு குறைந்த வேலையில் வெப்பத்துக்கு மதிப்புக் கூடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இளகுகிறது, சலவைப் பொருள் விரைந்து வேலை செய்கிறது, கார்பெட்டும் சற்றுச் சீக்கிரம் உலர்கிறது.

ஆனால் அந்த 115 டிகிரி அளக்கப்பட்டது வேனுக்குள், அழுத்தத்தின் கீழ். கார்பெட் வேலையில் ஹோஸுக்குள் நீர் 300 முதல் 500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்ட்) அழுத்தத்தில் ஓடுகிறது. அந்த அழுத்தத்தில் 115 டிகிரியிலும் அது நீராகவே இருக்கும். வாண்ட் முனையில் நீரைத் தெளிக்கும் ஜெட்டை விட்டு வெளியே வந்த கணமே அழுத்தம் போய்விடும். நூறுக்கு மேலுள்ள சூடு முழுவதும் ஆவியாகத் தப்பிவிடும். நீரில் 3 சதவீதத்துக்கும் குறைவான பங்கே ஆவியாகும், ஆனால் மிச்ச நீர் 100 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆகவே நூறைத் தாண்டிய எந்த எண்ணும் கார்பெட்டை எட்டப் போவதில்லை. ஹோஸில் வீணாகும் வெப்பத்துக்கு முன்கூட்டியே எடுத்துவைத்த இருப்பு என்று சொன்னால் ஏற்கலாம். அதற்கு மேல் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது இயந்திரம் உண்மையில் தரக்கூடிய வெப்பத்தின் கணக்கு. ஜெட்டின் மேல் பொறித்த கடைசி இரண்டு இலக்கங்கள் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு எத்தனை கேலன் விடும் என்பதைச் சொல்கின்றன. 06 என்றால் 0.6 கேலன். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து உயர்வதால், மொத்தம் 06 அளவு ஜெட் பொருத்திய வாண்ட் 400 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் விடும். 15 டிகிரியில் வரும் குழாய் நீரை அந்த வேகத்தில் 95 டிகிரிக்கு ஏற்ற 39 கிலோவாட் வேண்டும். நம் குளியலறை இன்ஸ்டன்ட் கீசர் 3 கிலோவாட். குழாயைச் சிறிதாகத் திறந்தால் கொதிப்பதும் முழுதாகத் திறந்தால் வெதுவெதுப்பாவதும் இதே கணக்கால்தான். பதின்மூன்று கீசர்களின் வேலையை இந்த வேன் செய்ய வேண்டியிருக்கிறது.

பல ட்ரக்மவுன்ட்கள் அந்த வெப்பத்தை இன்ஜினின் கழிவிலிருந்து எடுக்கின்றன. 25 குதிரைத்திறன் இன்ஜின் முழுச் சுமையில் தரும் இயந்திர சக்தி 18.6 கிலோவாட். எரிபொருளில் கால் பங்கே சக்தியாக மாறுகிறது என்று கொண்டால், கூலன்ட் வழியாகவும் புகைவழியாகவும் உடல் சூடாகவும் வெளியேறுவது சுமார் 56 கிலோவாட். அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தாலே அது நல்ல வடிவமைப்பு. அப்படியும் 37 கிலோவாட்தான் கிடைக்கும். வாண்டில் நீரைத் திறக்கும் ட்ரிகரை அழுத்தியபடியே இருந்தால் இந்த இன்ஜின் தோற்றுவிடும். ஆனால் தொழிலாளர் ஓர் ஈர இழுப்பும் ஓர் உலர் இழுப்புமாக மாற்றி மாற்றி வேலை செய்கிறார். பாதி நேரம் நீர் ஓடுவதில்லை. சராசரித் தேவையும் பாதியாகிறது. ஆக, சராசரியில் வெப்பம் போதுமானது, அந்தந்தக் கணத்தில்தான் பற்றாக்குறை. சூட்டு மானி ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம்.

மறுபக்கமும் உண்டு. சோபா துடைக்கும் சிறு கருவிக்கு நிமிடத்துக்கு 2 லிட்டரே போதும். இன்ஜினோ புளோவரைச் சுழற்ற ஓடிக்கொண்டே இருக்கிறது, வெப்பமும் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது சூடு வரம்பு மீறும். தானியங்கி வால்வு திறந்து சுடுநீரை அழுக்குத் தொட்டிக்குள் கொட்டும். அதுவும் போதாவிட்டால் பாதுகாப்பு ஸ்விட்ச் இன்ஜினையே நிறுத்தும். சூட்டைக் கொட்டித் தீர்ப்பது மலிவான தீர்வு. நல்ல நீரும் போகிறது, தொட்டியும் சீக்கிரம் நிறைகிறது. புகையை வெப்பமாற்றிக்குள் விடாமல் பக்கவழியில் திருப்பிவிடும் அமைப்பு இதைவிட மேலானது. உச்ச வெப்பநிலையைக் காட்டிலும் இந்தக் கட்டுப்பாட்டின் தரமே இயந்திரத்தின் தரத்தை நன்றாகக் காட்டும்.

இனி நீரின் தரப்பு. ஒரு சதுர மீட்டர் கார்பெட்டின் எடை 2 கிலோ என்றும், அதன் வெப்ப ஏற்புத்திறன் நீரினதில் மூன்றில் ஒரு பங்கு என்றும், அறைச் சூடு 20 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். 90 டிகிரி நீர் 300 மில்லி தெளித்தால், மற்ற இழப்புகளை ஒதுக்கிப் பார்த்தாலும், கார்பெட் 42 டிகிரியைத்தான் எட்டும். 70 டிகிரி நீரை 1 லிட்டர் விட்டால் 50 டிகிரியை எட்டும். இருபது டிகிரி குறைந்த நீர் வென்றுவிடுகிறது, ஏனென்றால் வெப்பத்தைச் சுமந்து செல்வதே நீர்தான். ஹோஸிலும் இதுவே நிலை. 45 மீட்டர் ஹோஸ் 1.5 கிலோவாட் இழக்கிறது என்றால், நிமிடத்துக்கு 7 லிட்டர் ஓடும் நீர் 3 டிகிரி குளிரும். 2 லிட்டர் ஓடும் நீர் 11 டிகிரி குளிரும். தவிர, இளகிய அழுக்கை அலசி வெளியேற்றுவதும் நீரின் வேலை. சூடு அழுக்கைத் தளர்த்தும், தூக்கிச் செல்லாது.

அதற்காக நீரைத் தாராளமாக விடலாமா? இங்கேதான் புளோவர் குறுக்கிடுகிறது. விட்ட நீரைத் திரும்ப உறிஞ்ச முடியாவிட்டால் அது அடிப்பாகத்தில் தங்கும். அடியில் ஒட்டிய பசை பலவீனப்படும், கறை மேலெழும், வாடை வரும். நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தினால்தான் பூஞ்சையைத் தவிர்க்கலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஆகவே நீரின் உச்சவரம்பை உறிஞ்சும் திறனே விதிக்கிறது. சூட்டின் உச்சவரம்பை விதிப்பது இழை. கம்பளிக்கும் கறைகாப்பு ஏற்றிய சில நைலான்களுக்கும் அதிகச் சூடு ஆகாது.

வெப்பத்துக்கு வேறு வழிகளும் உள்ளன. புரொப்பேன் அல்லது டீசல் பர்னர் வைத்தால் இன்ஜின் சுமையைச் சாராமல், ஓட்டத்துக்கு ஏற்பச் சூடு கிடைக்கும். ஆனால் வேனுக்குள் இன்னொரு தீயும் இன்னொரு எரிபொருளும் வந்துவிடுகின்றன. வேனின் சொந்த இன்ஜினையே பயன்படுத்தும் நேரடி இயக்க முறையில் பெரிய இன்ஜினின் கழிவு வெப்பம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வேன் பழுதானால் தொழிலும் நின்றுபோகும். நாள் முழுவதும் பெரிய கட்டடங்களில் இரண்டு வாண்ட் ஓட்டுபவருக்கு இவற்றில் ஒன்று தேவைப்படலாம். வீடு வீடாகப் போகும் ஒற்றை வாண்ட்காரருக்குக் கழிவு வெப்பமே போதும்.

சூடு குறைந்தது என்று வரும் புகார்களிலும் வெப்ப அமைப்பு எப்போதும் குற்றவாளி அல்ல. தேய்ந்த ஜெட்டின் துளை பெரிதாகி, ஓட்டம் கூடி, சூடு இறங்கியிருக்கலாம். உப்புநீர் ஊரில் வெப்பமாற்றிக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். மினியாபோலிஸில் ஜனவரிக் குழாய் நீர் உறைநிலைக்குச் சில டிகிரியே மேலே இருக்கும். மியாமியில் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்த 20 டிகிரி வித்தியாசத்துக்கு, 7 லிட்டர் ஓட்டத்தில், 10 கிலோவாட் கூடுதலாக வேண்டும். ஒரே இயந்திரம் ஓர் ஊரில் நல்ல பெயரும் மற்றோர் ஊரில் கெட்ட பெயரும் வாங்குவதில் வியப்பில்லை.

எனவே தீர்ப்பு இது: உச்ச வெப்பநிலையை வைத்து ட்ரக்மவுன்ட்டைத் தரம் பிரிப்பது தவறு. உறிஞ்சும் திறன் நீரின் அளவை முடிவுசெய்யட்டும். அந்த நீரளவுக்குத் தளராமல் கொடுக்க முடிந்த சூடே அந்த இயந்திரத்தின் சூடு. வாண்ட் முனையில் 70 முதல் 80 டிகிரியை நிலையாகத் தரும் இயந்திரம், 115-ஐத் தொட்டுவிட்டு 60-க்குச் சரியும் இயந்திரத்தைவிட மேலானது. வாங்கப் போகிறவர்கள் வேனுக்குள் இருக்கும் மானியைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹோஸை முழு நீளத்துக்கு விரிக்கச் சொல்லுங்கள். வழக்கமான ஈர, உலர் இழுப்போடு பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், வாண்ட் முனையில் எத்தனை டிகிரி என்று இரண்டையும் சேர்த்து அளந்த பிறகே விலை பேசுங்கள்.