மறுவெளியீட்டில் விடுபடும் பாடல்கள்

1960களிலிருந்து 80களின் தொடக்கம் வரை வந்த ராக் இசைத்தட்டுகள் பிற்காலத்தில் குறுந்தகடுகளாக மறுவெளியீடு பெற்றபோது, அவற்றுள் சில தம் பாடல்களில் ஒன்றை இழந்தே புதிய வடிவத்தை அடைந்தன. இவ்வாறு விடப்பட்டவை தரம் குறைந்த பாடல்களும் அல்ல, தணிக்கைக்கு ஆளானவையும் அல்ல. புதிய ஊடகத்தின் கொள்ளளவுக்குள் அடங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இந்த வழக்கத்தின் தகுதியையும் குறையையும் எடைபோடக் கனடாவின் ரஷ் இசைக்குழுவின் இரண்டு மேடைப்பதிவுகள் தக்க சான்றுகளாகும்.

பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1980இல் வகுத்த தரநிலைப்படி 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள குறுந்தகட்டில் ஏறத்தாழ 74 நிமிட இசை அடங்கும். ஒலி அதில் நுண்ணிய குழிகளாக, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும் ஒரே சுருள்தடத்தில் பதிகிறது; அச்சுருளின் சுற்றுகளை நெருக்கி அமைத்தால் 80 நிமிடம் வரை பதிக்க இயலும் என்றாலும், தொடக்கக் காலத் தயாரிப்பில் அது வழக்கமாகவில்லை. நான்கு பக்கங்களில் பரவிய இரட்டை இசைத்தட்டுகளோ அந்த 74 நிமிடத்தைச் சற்றே தாண்டின. இதனால் 1976இன் ‘ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ தொகுப்பிலிருந்து ‘வாட் யூ ஆர் டூயிங்’ என்ற பாடலும், 1981இன் ‘எக்சிட் ஸ்டேஜ் லெஃப்ட்’ தொகுப்பிலிருந்து ‘எ பேசேஜ் டு பாங்காக்’ என்ற பாடலும் குறுந்தகட்டில் விடப்பட்டன.

எண்ணிக்கையில் ஒவ்வொரு பாடல்தான் குறைந்தது. ஆயினும் அவை நின்ற இடத்தைக் கருதினால் இழப்பு பெரிது. ‘வாட் யூ ஆர் டூயிங்’ டொராண்டோவின் மாசி ஹாலில் பதிவான அத்தொகுப்பின் இறுதிப் பாடல்; அதை நீக்கியதால் தொகுப்பு தன் முடிவையே இழந்தது. அதனினும் முக்கியமாக, அப்பாடல் குழுவின் 1974ஆம் ஆண்டு முதல் தொகுப்பைச் சேர்ந்தது. அப்போது டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்ஸி. மேடையில் வாசித்தவரோ அவருக்குப் பின் வந்த நீல் பியர்ட். பழைய பாடலொன்று புதிய கலைஞரின் கையில் எவ்வாறு மாறியது என்பதற்கான சான்று அது. ‘எ பேசேஜ் டு பாங்காக்’ பாடலின் நிலையும் இத்தகையதே. அத்தொகுப்பின் இரண்டாம் பக்கம் கிளாஸ்கோவில் 1980இல் பதிவானது, ஏனைய பக்கங்கள் மான்ட்ரியலில் 1981இல் பதிவானவை. கிளாஸ்கோ பகுதியைத் தொடங்கி வைத்த பாடலே விடுபட்டதால், ஊரும் கூட்டமும் மாறும் அந்தத் திருப்பம் குறுந்தகட்டில் மழுங்கிப்போனது. நேரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தவர்கள் அமைப்பைப் பார்க்கத் தவறினர் என்றே சொல்ல வேண்டும்.

இருப்பினும் இவ்வழக்கத்துக்கு நியாயமே இல்லை எனத் தள்ளிவிட இயலாது. குறுந்தகடு விலை மிகுந்த பொருளாக இருந்த காலத்தில், சில நிமிட மிகுதிக்காக இரண்டாவது தகட்டைச் சேர்த்தால் அந்தச் சுமை வாங்குவோர் தலையில் விழுந்திருக்கும். மேலும், ஒரு பாடலை முழுமையாக விடுவது அதன் உள்ளே கத்தரிப்பதைவிட நேர்மையான செயல். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘டஸ்க்’ (1979) தொகுப்பு முதலில் குறுந்தகடானபோது பாடல் எதுவும் நீக்கப்படவில்லை. மாறாக, ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘சாரா’ பாடலின் சுருக்கிய வடிவம் இடம்பெற்றது. பட்டியலைப் பார்ப்பவருக்கு எல்லாம் இருப்பதாகவே தோன்றும். விடுபட்ட பாடலைத் தேடிப் போகலாம். குறைந்தது தெரியாத பாடலை எவரும் தேடுவதில்லை.

ரஷ் குழுவின் அவ்விரு பாடல்களும் ‘குரோனிகிள்ஸ்’ (1990) என்ற தொகைநூல் போன்ற தெரிவுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. இது பாதித் தீர்வுதான். ஏற்கெனவே கையிலுள்ள பாடல்கள் பல நிறைந்த இரட்டைத் தகட்டை அந்த இரண்டுக்காக ரசிகர் வாங்க நேர்ந்தது. தம் சூழலிலிருந்து பெயர்க்கப்பட்ட பாடல்களோ அங்கும் அந்நியமாகவே நின்றன.

இடநெருக்கடியால் அன்றி, மனமறிந்து விடுவது வேறு வகை. கன்ஸ் அன் ரோசஸ் குழுவின் ‘ஜி என் ஆர் லைஸ்’ (1988) தட்டிலுள்ள ‘ஒன் இன் எ மில்லியன்’ கறுப்பினத்தவரையும் குடியேறியவரையும் ஓரினச்சேர்க்கையாளரையும் இழிவுபடுத்தும் சொற்களைக் கொண்டது. 2018இல் வந்த பெரிய தொகைப் பெட்டியில் அத்தட்டின் பாடல்கள் சேர்ந்தபோது இது மட்டும் விடப்பட்டது. வெறுப்பு மொழியை மீண்டும் அலங்கரித்து விற்காமலிருப்பது மதிக்கத்தக்க முடிவு. பழைய தட்டுகளில் பாடல் இருப்பதால் ஆய்வாளருக்கும் அது மறைந்துவிடவில்லை. ஆனால் வரலாற்றுத் தொகுதியாகத் தன்னை முன்வைக்கும் பெட்டியில் ஒன்று விடப்பட்டால், விட்டதையும் விட்ட காரணத்தையும் அதிலேயே அச்சிடுவது பதிப்பாளரின் கடமை.

இடநெருக்கடியால் நேரும் விடுதலுக்கு அந்நெருக்கடி நீடிக்கும் வரையே நியாயம் உண்டு. அது தீர்ந்தபின் பாடல் தன் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். கடைசியில் ஒட்டும் கூடுதல் பாடலாக வருதல் போதாது. ரஷ் தொகுப்புகளுக்கு 1997இல் ஒலிச்செம்மை செய்த பதிப்புகள், அதாவது மூல ஒலிநாடாவிலிருந்து ஒலியைப் புதிதாகச் சீரமைத்த பதிப்புகள், வந்தபோது இரு பாடல்களும் திரும்பின. ஒவ்வொரு தொகுப்பும் ஒரே தகட்டில் முழுமையாக அடங்கியது. பழைய குறுந்தகடுகளை இன்று வாங்குவோர் உறையில் பதிப்பாண்டையும் பாடல் பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்து வாங்குவது நல்லது.